பழைய பென்ஷனை எடுப்பதா, மாற்றுவதா? – ஒரு கடைக் கணக்கு



நம் இதழில் வழக்கமாகப் பருப்பு நிலவரமும் வரி விவரமும் எழுதுகிறவன் நான். இம்முறை வேறு ஒரு கணக்கை எழுதுகிறேன். நம் கடைகளிலும் கிட்டங்கிகளிலும் வேலை பார்க்கிறவர்களில் பலர், முன்பு மில்லிலோ பாக்டரியிலோ அச்சகத்திலோ வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். பழைய இடத்தில் அவர்கள் பெயரில் பிராவிடண்ட் பண்டும் பென்ஷன் கணக்கும் இருக்கும். புது இடத்தில் சேரும்போது அதை எடுத்துவிடுவதா, புதுக் கணக்குக்கு மாற்றுவதா என்று கேட்டால், பெரும்பாலான முதலாளிகள் "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். 2024-ஆம் ஆண்டு மே மாதம் ஒருவர் வந்து கேட்டபோதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

கேள்வியோடு வந்தவர்

எங்கள் பருப்புக் கடைக்குக் கணக்கர் தேவைப்பட்டது. பழையவர் மகன் வீட்டோடு சென்னைக்குப் போய்விட்டார். நூற்பு மில் ஒன்றில் 9 ஆண்டு அலுவலக வேலை பார்த்தவர் ஒருவர் வந்தார். வயது 41. மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். மில்லில் வேலையை விட்டது பிப்ரவரிக் கடைசியில். ஜூன் முதல் தேதி எங்களிடம் சேருவதாகப் பேச்சு. பி.எப். பிடிக்கிற சம்பளம் மில்லிலும் 15,000 ரூபாய், எங்களிடமும் அதுவே.

சேருவதற்கு முந்தின வாரம் கையில் ஒரு படிவத்தோடு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, மில்லு பணம் கிடக்கு. பி.எப். நாலு லட்சம், பென்ஷன் பங்கு ஒண்ணு நாப்பது வரும்னு சொல்றாங்க. ரெண்டு மாசம் ஆயிட்டதால இப்ப கேட்டா குடுத்துருவாங்களாம். பெரியவளுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும். எடுத்துரட்டுமா?"

நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். "எடுத்துருங்க தம்பி. முடங்கிக் கிடக்கிற பணம் யாருக்கு லாபம்?"

வியாபாரிக்கு வாயில் முதலில் வருகிற வார்த்தை அதுதான். கிட்டங்கியில் சரக்கு முடங்கினால் பூச்சி பிடிக்கும். பணம் முடங்கினால் வட்டி போகும். நாற்பது ஆண்டாகக் கேட்ட பாடம். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்று இரவு சாப்பிடும்போது என் மனைவியிடம் இதைச் சொன்னேன். "நீங்களும் அப்படித்தானே எடுத்தீங்க?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் பழைய கதை

நானும் மில்லில் இருந்தவன்தான். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவனுக்கு 1988 ஜனவரியில் ஒரு மில்லில் நேரக் காப்பாளர் வேலை கிடைத்தது. 1997 மார்ச்சில் விட்டுவிட்டு மாமனாரோடு சேர்ந்து உளுந்து வியாபாரத்தில் இறங்கினேன். மொத்த சர்வீஸ் 9 ஆண்டு 3 மாதம்.

அப்போது பி.எப். பணத்தையும் பென்ஷன் பங்கையும் சேர்த்தே எடுத்தேன். பி.எப். பணம் வியாபாரத்துக்கு முதலாக உதவியது, அதை மறுக்கவில்லை. பென்ஷன் பங்காக வந்ததோ சிறு தொகை. இரண்டு மூட்டை உளுந்துக்குக்கூடப் போதவில்லை. வாங்கிய வாரமே செலவாகிவிட்டது.

பென்ஷன் திட்டத்தின் விதி எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 10 ஆண்டு சர்வீஸ் இருந்தால் 58 வயதில் ஆயுள் முழுவதும் மாதப் பென்ஷன். சர்வீஸைக் கணக்கிடும்போது 6 மாதமும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு முழு ஆண்டாக எடுத்துக்கொள்வார்கள். 6 மாதத்துக்குக் குறைந்தால் தள்ளிவிடுவார்கள். ஆக 9 ஆண்டு 6 மாதம் இருந்தாலே அது 10 ஆண்டு. நான் இன்னும் மூன்று மாதம் பொறுத்திருந்தால் போதும். சித்திரையில் கடை திறக்க வேண்டும் என்று அவசரப்பட்டேன்.

என்னோடு மில்லில் இருந்த நண்பர் ஒருவர் 2001 வரை இருந்தார். 15 ஆண்டு சர்வீஸ். 10 ஆண்டைத் தாண்டியவர்களுக்குப் பென்ஷன் பங்கைக் கையில் தரமாட்டார்கள். ஸ்கீம் சர்டிபிகேட் என்ற ஒரு சான்றிதழ்தான் தருவார்கள். "பணம் தராம காகிதத்தைக் குடுத்துட்டானுக" என்று என்னிடம் வந்து திட்டினார். அந்தக் காகிதத்தை இரும்புப் பெட்டியில் போட்டு வைத்தார். 2011-ல் மாரடைப்பில் காலமானார். அவர் மனைவி அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்து விண்ணப்பித்து விதவைப் பென்ஷன் பெற்றார். முதலில் சில நூறு ரூபாய்தான். 2014 செப்டம்பரில் குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய் என்று ஆனபின் அந்த ஆயிரம் வருகிறது.

ஆயிரம் ரூபாய் இன்று பெரிய தொகை இல்லை என்பது மளிகைக் கடைக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நல்ல எண்ணெய், பருப்பு, காப்பித்தூள் வாங்கினால் முடிந்துவிடும். ஆனால் அந்த அம்மாள் என் கடைக்கு மாதம் ஒருமுறை வருவார். "இது மட்டும் அவர் பணம்ணே. மகன்கிட்ட கேக்க வேண்டியதில்ல" என்று சொல்லித்தான் எண்ணிக் கொடுப்பார்.

மறுநாள் காலை கடை திறந்ததும் கணக்கருக்குப் போன் செய்தேன். "தம்பி, படிவத்தைக் குடுத்துராதீங்க. ஞாயித்துக்கிழமை வாங்க, உக்காந்து கணக்குப் போடுவோம்" என்றேன்.

பி.எப். வேறு, பென்ஷன் வேறு

முதலில் எல்லோரும் குழப்பிக்கொள்கிற இடத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். மாதாமாதம் கட்டுகிற பணம் இரண்டு பெட்டிகளில் விழுகிறது.

தொழிலாளி தன் சம்பளத்தில் 12 சதவீதம் கட்டுகிறார். அது முழுவதும் பி.எப். பெட்டிக்கு. முதலாளியும் 12 சதவீதம் கட்டுகிறார். அதில் 8.33 சதவீதம் பென்ஷன் பெட்டிக்கும், மீதி 3.67 சதவீதம் பி.எப். பெட்டிக்கும் போகிறது. பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு ஒரு வரம்பு உண்டு. 2001-ல் அது 6,500 ரூபாயாகவும், 2014 செப்டம்பரில் 15,000 ரூபாயாகவும் ஆனது. ஆகவே 15,000 சம்பளத்துக்குப் பென்ஷன் பெட்டியில் விழுவது மாதம் சுமார் 1,250 ரூபாய். மத்திய அரசு தன் பங்காக 1.16 சதவீதம் சேர்க்கிறது.

பி.எப். பெட்டி நம் பேங்கு பாஸ்புத்தகம் மாதிரி. போட்டது, வட்டி, இருப்பு எல்லாம் தெரியும். பென்ஷன் பெட்டி அப்படி இல்லை. அது பொதுப் பானை. அதிலிருந்து வருகிற பென்ஷன், போட்ட பணத்தைப் பொறுத்தது அல்ல. எத்தனை ஆண்டு சர்வீஸ், கடைசிச் சம்பளம் என்ன என்பதைப் பொறுத்தது.

இந்தப் பென்ஷன் திட்டம் 1995 நவம்பர் 16-ல் வந்தது. அதற்கு முன் 1971 முதல் இருந்தது குடும்பப் பென்ஷன் திட்டம். தொழிலாளி காலமானால் குடும்பத்துக்குக் கிடைப்பது. 1995-க்குப் பிறகுதான் தொழிலாளிக்கே பென்ஷன் என்ற ஏற்பாடு வந்தது.

பி.எப். பெட்டியில் யோசனை தேவையில்லை

நான்கு லட்ச ரூபாய் பி.எப். விஷயத்தில் எங்களுக்குள் வாதமே வரவில்லை. 2023-24-க்கும் 2024-25-க்கும் பி.எப். வட்டி 8.25 சதவீதம். ஆண்டுக்கு ஆண்டு அரசு அறிவிப்பது, கூடலாம், குறையலாம். இதே வட்டி நிலைத்தால் 4 லட்சம், அவருக்கு 58 வயது ஆகும்போது, அதாவது 17 ஆண்டில், 15 லட்சத்து 39 ஆயிரம் ஆகும். புதிதாக ஒரு பைசா போடாமலே. இந்த வட்டியைப் பத்திரமாகத் தரும் இடம் நம் ஊர் பஜாரில் இல்லை. அதிக வட்டி தருகிறோம் என்று வந்த சீட்டு, பண்டு கம்பெனிகளின் கதி நமக்குத் தெரியும்.

இன்னொன்று வரி. தொடர்ச்சியாக 5 ஆண்டு சர்வீஸ் முடியுமுன் பி.எப். எடுத்தால் அது வரிக்கு உட்படும். பழைய கணக்கைப் புதிதுக்கு மாற்றினால் பழைய சர்வீஸும் இந்த 5 ஆண்டில் சேரும். நம் கணக்கருக்கு 9 ஆண்டு ஆகிவிட்டதால் இந்தக் கவலை இல்லை. இரண்டு மூன்று ஆண்டில் இடம் மாறுகிற இளைஞர்களுக்கு இது முக்கியம்.

பழைய கணக்கை மாற்றாமலும் எடுக்காமலும் அப்படியே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அது மூன்றாவது தவறு. 55 வயதுக்குப் பின் ஓய்வு பெற்று 3 ஆண்டு கேட்பாரற்றுக் கிடந்தால் வட்டி நின்றுவிடும். அதைவிட மோசம், மில் மூடிப்போய் ஆவணம் கிடைக்காமல் அலைவது.

பென்ஷன் பங்கு: இரண்டு தட்டிலும் வைத்துப் பார்த்தோம்

வாதம் வந்தது பென்ஷன் பங்கில்தான். 10 ஆண்டு முடியாதவருக்கு அதை எடுக்க உரிமை உண்டு. அப்போது எத்தனை ஆண்டு சர்வீஸோ அதற்கு ஒரு பெருக்கல் எண் அட்டவணையில் இருந்தது. 9 ஆண்டுக்கு அது 9.33. சம்பளம் 15,000-ஐ 9.33-ஆல் பெருக்கினால் 1,39,950 ரூபாய். அவர் சொன்ன ஒண்ணு நாற்பது சரிதான்.

எடுக்காமல் மாற்றினால் என்ன ஆகும்? பென்ஷன் சூத்திரம் எளிது. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைச் சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 20 ஆண்டு முடித்தவருக்கு 2 ஆண்டு போனஸாகச் சேர்ப்பார்கள்.

மாற்றினால்: பழைய 9, புதிய 17, போனஸ் 2, ஆக 28 ஆண்டு. 15,000 × 28 ÷ 70 = மாதம் 6,000 ரூபாய்.

எடுத்துவிட்டால்: புதிய 17 மட்டும். 20 ஆண்டு ஆகாததால் போனஸ் இல்லை. 15,000 × 17 ÷ 70 = மாதம் 3,643 ரூபாய்.

வித்தியாசம் மாதம் 2,357 ரூபாய். இதைப் பார்த்ததும் "அப்ப மாத்திர வேண்டியதுதான் அண்ணாச்சி" என்றார் அவர். நான்தான் "பொறுங்க, அடுத்த தட்டையும் பார்ப்போம்" என்றேன். வியாபாரி ஒரு தட்டை மட்டும் பார்த்து எடை போடக் கூடாது.

1,40,000 ரூபாயை எடுத்து, ஒரு காசு தொடாமல், 7 சதவீத வட்டியில் 17 ஆண்டு பேங்கில் போட்டு வைத்தால் 4 லட்சத்து 42 ஆயிரம் ஆகும். அந்தத் தொகைக்கு அதே 7 சதவீதத்தில் மாத வட்டி சுமார் 2,580 ரூபாய். முதல் அப்படியே இருக்கும், பிள்ளைகளுக்குப் போகும். பென்ஷனிலோ முதல் திரும்ப வராது. முன்பு அப்படி ஒரு வசதி இருந்தது, 2008-ல் எடுத்துவிட்டார்கள். பென்ஷனுக்குப் பஞ்சப்படியும் கிடையாது. 58 வயதில் 6,000 என்றால் 75 வயதிலும் அதே 6,000. அப்போது பருப்பு என்ன விலை விற்குமோ!

ஆகவே வெறும் காகிதக் கணக்கில் பேங்கு பக்கம்தான் தட்டு சற்றுத் தாழ்கிறது. "பென்ஷனை எடுக்கவே கூடாது, எடுத்தால் பெரும் நஷ்டம்" என்று மொட்டையாகச் சொல்லுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கே இது கொஞ்சம் அதிர்ச்சிதான்.

பேரேட்டில் ஏறாத நான்கு விஷயம்

ஆனாலும் நாங்கள் மாற்றுவது என்றுதான் முடிவு செய்தோம். ஏன் என்று சொல்லுகிறேன்.

முதலாவது, அந்த 1,40,000 ரூபாய் 17 ஆண்டு தொடாமல் இருக்குமா? நான் நேராகவே கேட்டேன். "கையில வந்தா இருக்குமா தம்பி?" அவர் சிரித்தார். "இருக்காது அண்ணாச்சி. பீஸு அறுபதாயிரம். மீதி தங்கச்சி வீட்டுக்காரர் கேட்டுக்கிட்டிருக்காரு." அப்படியானால் நாம் போட்ட 4 லட்சத்து 42 ஆயிரம் என்ற கணக்கு ஏட்டுச் சுரைக்காய். எடுத்துச் செலவழிப்பதையும் எடுக்காமல் வைப்பதையும் ஒப்பிட்டால்தான் உண்மையான கணக்கு.

இரண்டாவது, 17 ஆண்டும் அவர் என் கடையிலேயே இருப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. என் மகன் கடையை நடத்துவானா, வேறு தொழிலுக்குப் போவானா தெரியாது. அவர் எங்களிடம் 5 ஆண்டு இருந்து விலகினால், மாற்றியிருந்தால் 9-ம் 5-ம் 14 ஆண்டு. பென்ஷன் உரிமை உறுதி. எடுத்திருந்தால் வெறும் 5 ஆண்டு, பென்ஷன் இல்லை. சொல்லப்போனால், பழைய 9 ஆண்டைக் கொண்டுவந்தால் எங்களிடம் ஓர் ஆண்டு முடிந்தாலே 10 ஆண்டு ஆகிவிடும். நம் தொழிலில் கடை மாறுவது சகஜம். எட்டு ஆண்டு, ஒன்பது ஆண்டு இருந்தவர்கள் ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொண்டே போனால், முப்பது ஆண்டு உழைத்தும் பென்ஷன் இல்லாமல் நிற்பார்கள். அப்படி நிற்கிறவர்கள் நம் பஜாரிலேயே இருக்கிறார்கள்.

மூன்றாவது, குடும்பம். பென்ஷன்தாரர் காலமானால் மனைவிக்குப் பாதிப் பென்ஷன் வரும். அதோடு 25 வயதுக்கு உட்பட்ட இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 25 சதவீதம், விதவைப் பென்ஷனின் கணக்கில். பேங்கு டெபாசிட்டும் வாரிசுக்குப் போகும்தான். ஆனால் மொத்தமாகப் போகிற பணத்துக்குப் பங்காளிகள் உண்டு. மாதாமாதம் அந்த அம்மாள் பெயரில் வருகிற பணத்துக்கு இல்லை. என் நண்பரின் மனைவியை நினைத்துத்தான் இதைச் சொன்னேன்.

நான்காவது, சம்பளம் 15,000 ரூபாய்க்கு மேல் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது. 2014 செப்டம்பருக்குப் பிறகு 15,000-க்கு மேற்பட்ட சம்பளத்தில் புதிதாகச் சேருகிறவருக்குப் பென்ஷன் திட்டத்தில் இடம் இல்லை. பழைய உறுப்பினர் தன் சர்வீஸைத் தொடர்ந்து கொண்டுவந்தால் உறுப்பினராக நீடிக்கலாம். பழையதை எடுத்துவிட்டுக் கூடுதல் சம்பளத்தில் புது இடத்தில் சேர்ந்தால் அவரும் புது ஆள்தான், கதவு மூடிவிடும். எடுப்பதற்குமுன் இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எடுப்பதே சரியாக இருக்கும் சமயமும் உண்டு. வேலைக்குப் போகும் எண்ணமே இல்லாமல் சொந்தக் கடை வைக்கிறவர், இரண்டு மூன்று ஆண்டு மட்டும் சர்வீஸ் உள்ளவர், கந்துவட்டிக் கடனில் மாட்டிக்கொண்டவர் – இவர்களுக்கு எடுப்பதுதான் புத்தி. 3 வட்டிக்குக் கடன் இருக்கையில் 8 சதவீதத்தில் பணம் கிடப்பதால் என்ன பயன்? ஆனால் 9 ஆண்டு 3 மாதத்தில் நிற்கிறவர், என்னைப் போல, மூன்று மாதம் பொறுக்க முடியுமா என்று ஒரு தடவை நாள்காட்டியைப் பார்க்க வேண்டும்.

பீஸ் பணம்

முடிவு சரி; கல்லூரிப் பீஸ் அறுபதாயிரத்துக்கு என்ன வழி? பிள்ளைகளின் மேற்படிப்புக்குப் பி.எப்.பில் முன்பணம் எடுக்க வழி உண்டு. ஆனால் கணக்கு மாறி வருமுன் கல்லூரித் தேதி போய்விடும். கடையிலிருந்து முன்பணமாகக் கொடுத்தேன். மாதம் 2,500 வீதம் 24 தவணை, வட்டி கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. ஓர் ஆளின் முப்பது ஆண்டுச் சேமிப்பு சிதறாமல் இருக்கச் சில சமயம் அறுபதாயிர ரூபாய் கைமாற்றே போதும் என்பதற்காகச் சொல்லுகிறேன். ஊழியர் பி.எப்.பை உடைக்கக் கேட்டால், என்ன தேவைக்கு என்று முதலாளி ஒரு வார்த்தை கேட்டால் நல்லது.

மாற்றும்போது பட்ட பாடு

மாற்றுவது என்று முடிவெடுத்தபின்தான் வேலை தொடங்கியது. ஆதாரில் அவர் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுதாக இருந்தது. மில் பதிவில் வெறும் இனிஷியல். பிறந்த தேதியில் மாதம் மாறிக் கிடந்தது. போதாக்குறைக்கு, மில்லில் அவர் விலகிய தேதியைப் பதிவு செய்யவே இல்லை. விலகிய தேதி ஏறாமல் கணக்கு நகராது. மூன்று முறை நேரில் போய்வந்தார். ஒவ்வொரு முறையும் கடைக்கு அரை நாள் விடுப்பு. மாற்றம் முடிய நான்கு மாதம் ஆனது.

இப்போது கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது. 2025 ஜனவரி முதல், ஆதாரோடு இணைந்த கணக்குகள் பலவற்றுக்கு மாற்றத்தின்போது முதலாளியின் ஒப்புதல் தேவைப்படுவதில்லை. ஆனால் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போக வேண்டும் என்பது மாறவில்லை. நம் தமிழ்நாட்டு இனிஷியல் முறை கம்ப்யூட்டருக்குப் பிடிபடுவதில்லை.

மாற்றம் முடிந்த அன்று அவர் பதறிப்போய் வந்தார். "அண்ணாச்சி, பி.எப். நாலு லட்சம் வந்துருச்சு. ஆனா பென்ஷன் பத்தியில சைபர்னு இருக்கு. போச்சா?" என்றார். போகவில்லை. பென்ஷன் பங்கில் பணம் இடம் மாறுவதில்லை. சர்வீஸ் மட்டும்தான் மாறுகிறது. பொதுப் பானை என்று மேலே சொன்னது இதனால்தான். பழைய கணக்கின் சர்வீஸ் விவரத்தாள் புதுக் கணக்கில் சேர்ந்துவிட்டதா என்று மட்டும் பார்த்து, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அவர் பார்த்தார், 9 ஆண்டும் ஏறியிருந்தது.

புதுத் திட்டம் விற்க வருகிறவர்கள்

இதற்கிடையே ஏஜெண்ட் ஒருவரும் வந்தார். பழைய பி.எப்.பை எடுத்து அவர் சொல்லும் பென்ஷன் பாலிசியில் போட்டால் பெரிய தொகை வரும் என்றார். தேசிய பென்ஷன் திட்டத்துக்கு மாற்றலாமே என்றும் சிலர் சொல்லுகிறார்கள். 2009 முதல் பொதுமக்கள் எல்லோரும் சேரக்கூடிய அந்தத் திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் அதன் வருமானம் பங்குச் சந்தையையும் கடன் பத்திரங்களையும் சார்ந்தது. முடிவில் ஒரு பகுதியைக் கொண்டு ஆண்டுத்தொகை வாங்கியாக வேண்டும். புதிய சேமிப்பை அதில் போடுவது வேறு. ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணக்கை உடைத்துப் போடுவது வேறு.

எந்தப் புதுத் திட்டம் வந்தாலும் மூன்று கேள்வி கேட்கும்படி எங்கள் கடைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லும் வருமானம் உறுதியா, உத்தேசமா? நடுவில் நிறுத்தினால் எவ்வளவு பிடிப்பீர்கள்? இதை விற்றால் உங்களுக்குக் கமிஷன் எவ்வளவு? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரத் தாமதமானால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

முதலாளிகள் கவனத்துக்கு

20 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனத்துக்குப் பி.எப். சட்டம் பொருந்தும். கடை, கிட்டங்கி, பருப்பு மில் எல்லாம் ஒரே நிறுவனம் என்றால் தலைகளைச் சேர்த்தே எண்ணுவார்கள். அதில் வருகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில யோசனைகள்:

1. புதிதாகச் சேருகிறவரிடம் பழைய பி.எப். எண், யு.ஏ.என். எண் உண்டா என்று முதல் நாளே கேளுங்கள். இருந்தால் அதே எண்ணில் தொடருங்கள். புது எண் உண்டாக்காதீர்கள்.

2. விலகிப் போகிறவரின் விலகிய தேதியை அந்த மாதமே பதிவு செய்துவிடுங்கள். கோபித்துக்கொண்டு போனவர் என்றாலும் செய்யுங்கள். நாம் தேதி போடாமல் விட்டால் அவர் அடுத்த ஊரில் அலைவார்.

3. பெயர், பிறந்த தேதியை ஆதாரைப் பார்த்து எழுத்துக்கு எழுத்துப் பதியுங்கள்.

4. நாமினி எழுதியிருக்கிறாரா என்று கேளுங்கள். கல்யாணத்துக்குமுன் அம்மா பெயரை எழுதிவிட்டு அப்படியே விட்டவர்கள் நிறைய.

5. 10 ஆண்டு முடித்து விலகுகிறவருக்கு ஸ்கீம் சர்டிபிகேட்டின் மதிப்பைச் சொல்லி அனுப்புங்கள். 50 வயதிலேயே பென்ஷன் வாங்க வழி உண்டு. ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு விழும் என்பதையும் சொல்லுங்கள்.

6. விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. எடுப்பதற்கான காத்திருப்புக் காலமும் அதில் ஒன்று. படிவம் கொடுக்குமுன் பி.எப். அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக, நமக்கு?

இத்தனையும் எழுதியபின் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. நம் கடையில் வேலை பார்க்கிறவருக்குப் பென்ஷன் வரும். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு? சிறு வணிகர்களுக்கென்று மத்திய அரசு 2019-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. 18 முதல் 40 வயதுக்குள் சேர வேண்டும். ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்கு மேல் போகக் கூடாது. வருமான வரி கட்டுகிறவராக இருக்கக் கூடாது. வயதுக்கு ஏற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் கட்டினால் அரசும் அதே அளவு போடும். 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய். 2015-ல் வந்த அடல் பென்ஷன் திட்டமும் 40 வயதுக்குள் சேருகிறவர்களுக்குத்தான். 2022 அக்டோபர் முதல் வருமான வரி கட்டுகிறவர்கள் அதில் சேர முடியாது. என் வயதுக்காரர்களுக்கு இரண்டும் இல்லை. கடையைப் பார்த்துக்கொள்ளும் நம் பிள்ளைகளும் தெருமுனைச் சிறு கடைக்காரர்களும் தகுதி இருந்தால் விசாரித்துச் சேரலாம்.

எங்கள் கணக்கர் 2025 மே மாதக் கடைசியில் ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அவருடைய சர்வீஸ் விவரம். பழையதும் புதியதும் சேர்ந்து 10 ஆண்டு. "தாண்டிட்டேன் அண்ணாச்சி" என்றார். நான் வாங்கிப் பார்த்துவிட்டு, வீட்டில் பத்திரமான இடத்தில் வைக்கும்படியும், எங்கே வைத்திருக்கிறார் என்பதை மனைவியிடம் சொல்லும்படியும் சொல்லி அனுப்பினேன்.